மூக்காயியும் ஈரச்சாக்கும்

அந்தக் கேப்டனுக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ஈரச்சாக்கு. நேரில் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. விமானி அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளுவார். அடுத்து சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டு. அதன்பிறகு இரண்டு மணி நேரத்துக்கு, இரண்டு பேர் தோள் உரச உட்காரும் அந்தக் கூண்டுக்குள், மழையில் நனைந்து மூலையில் கிடந்த கோணியின் நாற்றம் விட்டுப் போகாது. ஜன்னலைத் திறந்து வைக்கலாமென்றால் அது பஸ் இல்லையே.

நாற்றம் மட்டுமா? மேலே ஏறி விமானம் நேராகப் பறக்கத் தொடங்கியதும் டப்பாவைத் திறந்து அவித்த முட்டையை உரிப்பார். ஓட்டைக் காகிதத்தில் போட மாட்டார், மடியில் போடுவார். மடியிலிருந்து அது தரைக்குப் போகும். தின்று முடித்த அதே விரலால் ரேடியோ பொத்தானை அழுத்துவார். பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் நெம்பி 'ச்சு' என்று ஒரு சத்தம் போடுவார். அது ஹெட்போன் வழியாக நேரே துணை விமானியின் காதுக்குள் இறங்கும்.

துணை விமானிக்கு வீட்டில் அவள் அக்கா வைத்த பெயர் மூக்காயி. பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் இவளுக்குக் குமட்டும். கல்யாணமான புதிதில், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட குற்றத்துக்காகக் கணவரிடம் மூன்று நாள் பேசாமல் இருந்தவள். "இவளுக்கு அமைஞ்சது மூக்கு இல்ல, தண்டனை. அவளுக்கும் தண்டனை, நமக்கும் தண்டனை" என்பாள் அக்கா. அப்பேர்ப்பட்டவளைக் கொண்டுபோய் அப்பேர்ப்பட்டவர் பக்கத்தில் உட்காரவைத்தது சரக்கு விமானக் கம்பெனியின் பணி அட்டவணை. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, ஏழு மாதம்.

அன்று காலை அவள் பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. தலைமை விமானிக்கு எழுதியது. 'தனிப்பட்ட காரணங்களால் இந்தக் கேப்டனுடன் என்னை இனிப் பறக்க அனுப்ப வேண்டாம்.' என்ன தனிப்பட்ட காரணம்? எழுதக் கை வரவில்லை. ஐம்பது வயது தாண்டிய மனிதரை, பதினைந்தாயிரம் மணி நேரம் பறந்தவரை, நாறுகிறார் என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பது எப்படி? திரும்பி வந்ததும் கொடுத்துவிடலாம், இன்றோடு இந்தப் பீடை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டே விமானத்தின் படியேறினாள்.

ஏறியதும் இன்னொரு நாற்றம் வரவேற்றது. அன்றைய சரக்கு மீன். பனிக்கட்டி போட்டு அடுக்கிய நாற்பது பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை ஒழுகல். இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, செதில் மிதக்கும் தண்ணீர் தரையில் ஓடி அவள் ஷூவின் நுனியைத் தொட்டது. அவள் துள்ளிப் பின்வாங்கினாள்.

"அண்ணா, இதுக்குக் கீழ ஏதாவது விரிங்களேன்! இது வழிஞ்சு முன்னாடி வந்துச்சுன்னா நான் செத்தே போயிடுவேன்" என்று சரக்கு ஏற்றுகிறவரிடம் கத்தினாள்.

"வழக்கமா விரிக்கிறதில்லம்மா. தண்ணி அதுபாட்டுக்கு வடிஞ்சிடும்."

"எனக்காக விரிங்க."

அவர் முனகிக்கொண்டே ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து பெட்டிகளுக்கு அடியிலும் கதவோரத்திலும் திணித்துவிட்டுப் போனார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

இங்கேதான் தப்பு நடந்தது. சரக்குக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் விளிம்பு உண்டு. கதவு மூடியதும் அது உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாமல் காப்பது அந்த ரப்பர்தான். இருபத்திரண்டாயிரம் அடி உயரத்தில் வெளியே இருக்கும் காற்று மனிதனுக்குப் போதாது. உள்ளிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் யாருக்கும் மூச்சு முட்டாது, வலிக்காது. சந்தோஷமாகப் புத்தி மழுங்கி, சந்தோஷமாகவே செத்துப்போகலாம். அதனால் கதவு மூடியபின் துணை விமானி அந்த ரப்பரை மேலிருந்து கீழ்வரை வெறுங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது என்பதற்காக வைத்த விதி அது.

அவள் பார்த்தாள். ரப்பர் முழுக்க மீன் சளி. ஓரிடத்தில் ஒரு கண் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சேச்சே, இதையா தடவுவது? கைவிளக்கை அடித்து மேலும் கீழும் கண்ணால் பார்த்தாள். சரியாகத்தான் தெரிந்தது. சோதனைச் சீட்டில் 'கையால் தடவிப் பார்த்தேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். பிளாஸ்டிக் தாளின் ஓரம் ஒன்று ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

இருக்கைக்குப் பின்னால் தொங்கும் ஆக்ஸிஜன் மாஸ்க் கதையும் அதேதான். பறக்கும்முன் மாட்டி ஒரு மூச்சு இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அது ஊருக்கே பொதுவான மாஸ்க். நேற்று யார் மூஞ்சி, முந்தாநாள் யார் வாய் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே யாருடைய எச்சிலோ காய்ந்து தோலாகப் படிந்திருந்தது. ஒரு தாடி மயிர் வேறு. அவள் அதை ஒரு காகிதத்தால் பிடித்து, கை நீளத்துக்குத் தள்ளிவைத்து, பொத்தானை அழுத்தினாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது. போதும் என்று பழைய இடத்திலேயே தொங்கவிட்டாள். அவள் மட்டுமில்லை, அந்தக் கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்தார்கள்.

உள்காற்று குறைந்தால் அலறும் மணி ஒன்றும் உண்டு. அது போன வாரம் காரணமில்லாமல் அலறியதால் அணைத்துவைத்து, பழுது பார்க்கும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றழுத்த மானியைப் பார்த்து எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உள்காற்று எத்தனை அடி உயரத்துக் காற்றுக்குச் சமம் என்பதே அந்த எண், அது எட்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காற்று போகிறது என்று அர்த்தம். படிப்பது கேப்டன் வேலை, குறிப்பது அவள் வேலை.

ஆறு மாதத்துக்கு முன் அவளை ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். இரும்பு அறை ஒன்றில் எட்டு பேரைப் பூட்டி, காற்றை உறிஞ்சி, மலையுச்சிக்கும் மேலே போன மாதிரி ஆக்குவார்கள். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, ஆக்ஸிஜன் குறையும்போது யாருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். காற்றழுத்தம் குறைந்தால் வயிற்றிலுள்ள வாயு உப்பும், வெளியே வரும், கூச்சப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எட்டு பேரும் கூச்சப்படவில்லை. அந்த இரும்புப் பெட்டிக்குள் ஏப்பமும் மற்றதும் சேர்ந்து எழுந்த வீச்சத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போதாக்குறைக்குப் பக்கத்து ஆள் பைக்குள் வாந்தி எடுத்தார்.

பிறகு காட்டிய வீடியோவைப் பார்த்து அவளுக்கே நம்ப முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றிய நாலாவது நிமிடம், அவள் அந்த வாந்திப் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த ஆளைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் இருக்கு. ஒருத்தருக்கு விரல் மரத்துப்போகும், ஒருத்தருக்குக் கோபம் வரும். உங்களுக்கு அருவருப்பு போயிடுது" என்றாள் பயிற்சி நடத்தியவள். "கொஞ்சம் கஷ்டமான அடையாளம்தான். வர்றதைக் கவனிக்கலாம். போறதை எப்படிக் கவனிப்பீங்க?"

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தாள்.

அன்று மீனோடு கிளம்பி மேலே ஏறி நேரானபோது வானம் சுத்தமாக இருந்தது. தானியங்கிக் கருவி விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் ஷூவைக் கழற்றினார். கோணி நாற்றமும் மீன் நாற்றமும் கைகோத்துக்கொண்டு வந்தன. அவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பைக்குள் இருக்கும் கடிதத்தை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

"எட்டாயிரம்" என்றார் கேப்டன். அவள் குறித்தாள்.

பத்து நிமிடம் போனது. "எட்டாயிரம்." குறித்தாள்.

முட்டை டப்பா திறந்தது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே மேகம் பஞ்சு மாதிரி கிடந்தது. அழகாக இருந்தது. எல்லாமே கொஞ்சம் அழகாகத்தான் இருந்தது. இந்த மனுஷர் மீது நமக்கு ஏன் இத்தனை வெறுப்பு என்று யோசித்தாள். பாவம், கால் வலிக்காதா? ஷூவைக் கழற்றினால் என்ன குடி முழுகிவிட்டது?

"எட்டாயிரம்" என்றார் கேப்டன், மானி பக்கமே திரும்பாமல். பாதி உரித்த முட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் குறித்தாள். எழுதிய எண் காகிதத்தின் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. அதுவும் சிரிப்பாக இருந்தது.

"முட்டை வேணுமாம்மா?"

ஏழு மாதத்தில் அவர் நூறு தடவை கேட்டிருப்பார். அவளும் நூறு தடவை 'வேணாம் சார்' என்று சொல்லியிருப்பாள்.

"குடுங்க சார்."

நகத்தில் அழுக்கேறிய விரல்கள் அழுத்திப் பிடித்ததில் முட்டையின் வெள்ளையில் ரேகை பதிந்திருந்தது. ஓட்டுத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவள் வாங்கிக் கடித்தாள். மென்றாள். ருசியும் தெரியவில்லை, நாற்றமும் தெரியவில்லை. ஓடு பல்லில் நறநறத்தது. கீழே சாக்ஸ் கால் இரண்டும் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தன. பெருவிரல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. அதுவும் அவளைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

மென்றுகொண்டே அவள் நினைத்தாள்: இதைத் தின்கிறவள் யார்?

நினைப்பு மெதுவாக, சேற்றுக்குள் நடக்கிற மாதிரி வந்தது. இவர் விரலில் உரித்த முட்டை. என் வாயில். எனக்குக் குமட்டவில்லை. எனக்கு ஏன் குமட்டவில்லை? கோணி எங்கே போனது? மீன் எங்கே போனது? அவள் மூக்கை உறிஞ்சினாள். ஒன்றும் நாறவில்லை. வாந்திப் பையை மடியில் வைத்துச் சிரித்த அந்த மூஞ்சி கண்ணுக்குள் வந்தது.

மானியைப் பார்த்தாள். முள் பத்தொன்பதாயிரத்தில் நின்றது.

கை பின்னால் போனது. மாஸ்க்கின் பட்டை விரலில் மாட்டவில்லை, நழுவியது, மறுபடி மாட்டியது. இழுத்து முகத்தில் அறைந்துகொண்டு, வாயிலிருந்த முட்டையை விழுங்கிவிட்டு, முழு மூச்சு இழுத்தாள்.

முதல் மூச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் லேசாக ஏதோ வந்தது. மூன்றாவது மூச்சில் நரகம் திறந்தது. யாருடைய பழைய சிகரெட்டோ, யாருடைய சொத்தைப் பல்லோ, காய்ந்த எச்சில் அவள் மூச்சின் ஈரத்தில் ஊறி உதட்டில் ஒட்டியது. அந்தத் தாடி மயிர் நாக்கு நுனியைத் தொட்டது. குடல் புரண்டு வாய் வரை வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப விழுங்கினாள். மாஸ்க்குக்குள் வாந்தி எடுத்தால் அதோடு கதை முடிந்தது. நாறட்டும், நன்றாக நாறட்டும் என்று இழுத்தாள். நாற நாற விரல்களுக்கு உயிர் வந்தது.

"சார்! மாஸ்க் போடுங்க!"

கேப்டன் சிரித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. முட்டையோட்டை மடியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் தானியங்கியைக் கீழே இறங்கும்படி திருப்பிவிட்டு, சாய்ந்து, அவருடைய மாஸ்க்கை இழுத்தாள். அவர் தலையை ஆட்டித் தட்டிவிட்டார். எண்ணெய் வழியும் அந்தத் தலையை ஒரு கையால் மார்போடு அணைத்துப் பிடித்தாள். வாயோரத்தில் எச்சில் ஒழுகி அவள் மணிக்கட்டில் இறங்கியது. இப்போது எல்லாம் தெரிந்தது அவளுக்கு. வியர்வை, முட்டை, தலை எண்ணெய், கோணி, ஒன்றுவிடாமல் தெரிந்தது. பிடியை விடாமல் மாஸ்க்கை அவர் மூஞ்சியில் அழுத்தி, பத்து மூச்சுவரை எண்ணினாள்.

பதினோராவது மூச்சில் அவர் கண் அவளைப் பார்த்தது. பிறகு மானியைப் பார்த்தது. கை தானாகவே விமானத்தை இறக்கும் விசைக்குப் போனது. பதினைந்தாயிரம் மணி நேரம் பறந்த கை அல்லவா. இருவரும் பத்தாயிரம் அடிக்கு இறங்கி, அங்கிருந்து பக்கத்து விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அங்கிருந்த பொறியாளர் சரக்குக் கதவைத் திறந்து, ரப்பரில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் நாக்கை உருவிக் காட்டினார். மடிந்து, விரல் தடிமனுக்கு இருந்தது.

"கதவைப் பாத்தது யாரு?"

"நான்தான்."

"தடவிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாத்திருப்பா" என்றார் கேப்டன் அவசரமாக.

"இல்ல" என்றாள் அவள். "தொடல. அருவருப்பா இருந்துச்சு. அந்தத் தாளும் நான் கேட்டு விரிச்சதுதான்."

பொறியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மீன் தண்ணிக்குப் பயந்து ரெண்டு உசுரைக் கொடுக்கப் பாத்தியா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்குத் தன்னைப் பார்த்தே குமட்டியது. மீன், முட்டை, சாக்ஸ், மாஸ்க் எல்லாவற்றையும்விட, அந்தக் கட்டத்தில் அழகாகப் போட்டிருந்த டிக் நாறியது.

பிறகு ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து அறிக்கைப் படிவம் கொடுத்தார்கள். மூன்றாவது கேள்வி: 'ஆக்ஸிஜன் குறைவை முதலில் எதை வைத்து உணர்ந்தீர்கள்?' தலைவலி என்று எழுதலாம். எல்லோரும் எழுதுவது அதுதான். ஆனால் இந்தப் படிவம் மற்ற விமானிகளுக்குப் படித்துக் காட்டப்படும். பொய்த் தலைவலியை நம்பி எவனாவது காத்திருந்தால்? கேப்டன் வேறு அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை மூன்று முறை மூடித் திறந்தாள். பிறகு எழுதினாள்: 'கேப்டனின் பாத நாற்றமும் உடல் நாற்றமும் எப்போதும் எனக்குக் குமட்டும். அது குமட்டாமல் போனது. அவர் கையால் உரித்த முட்டையை வாங்கித் தின்றேன். அப்போதுதான் தெரிந்தது.'

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒருமுறை படித்து, மறுபடி மேலே போய் இன்னொரு முறை படித்தார். அவளுக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"அவ்வளவு நாறுதா?"

"ஆமா சார்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான் சார்."

அவர் காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன். ஒருத்தரும் சொல்லலையேம்மா. வீட்டுல அவ இருந்தவரைக்கும் வாசல்லயே நிறுத்திச் சொல்லிடுவா. அவ போனதுக்கப்புறம் யாரு சொல்லப்போறா?"

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏழு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் திருப்பிக்கொண்டது ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பைக்குள் இருந்த 'தனிப்பட்ட காரணங்கள்' இப்போது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் பேனாவை வாங்கி, அவள் எழுதியதற்குக் கீழே தன் கையெழுத்தில் சேர்த்தார்: 'மூன்று முறையும் மானியைப் பார்க்காமல் பழக்கத்தில் எட்டாயிரம் என்று சொன்னேன்.' பிறகு கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் விசாரணை, மருத்துவப் பரிசோதனை, திட்டு எல்லாம் முடிந்து மறுபடி அதே அட்டவணை, அதே இருவர், அதே மீன். மணியைப் பழுது பார்த்துவிட்டார்கள். கதவு மூடியதும் அவள் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தாள். ரப்பரின் மேல் மூலையில் விரலை வைத்து, சளியோடும் செதிலோடும் மெதுவாகக் கீழ்வரை தடவினாள். உடம்பெல்லாம் கூசியது. வழியில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடித்தாள். டிக் போட்டாள்.

கேப்டன் குளித்துவிட்டு வந்திருந்தார். புதுச் சாக்ஸ், ஷூ கழற்றவில்லை, முட்டை இல்லை. சோப்பு வாசனைகூட இல்லாத அளவுக்குச் சுத்தம். மேலே ஏறி நேரானதும், மணி சரியான பிறகும் விடாமல், மானிக் கண்ணாடி மேல் விரலை வைத்து, "ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்" என்று படித்தார்.

அவள் குறித்தாள். மேகம் பஞ்சு மாதிரி கிடந்தது. அழகாக இருந்தது. உடனே அவளுக்குப் பகீரென்றது. மூக்கை உறிஞ்சினாள். பின்னாலிருந்த மீன் வாடை மூக்குக்குப் பழகிப்போயிருந்தது, பக்கத்து இருக்கையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அவள் வலது கையைத் தூக்கி மூக்குக்கு நேராக வைத்து ஆழமாக மோந்தாள். கழுவாமல் கொண்டுவந்திருந்த கை அது. ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுகிறவள், வேண்டுமென்றே கழுவாமல் விட்ட கை. மீன் சளி காய்ந்து, விரலிடுக்கில் ஊறி, அழுகத் தொடங்கியிருந்தது. குடல் தொண்டைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

கேப்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?"

"நாறுது சார்."

"நல்லா நாறுதா?"

"குமட்டுது சார்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மானியைப் பார்த்தார்.